புளிப்பு செய்த குழப்பம்!

ராஜபாளையத்திலிருந்து தென்காசிக்கு பஸ்ஸில் போயிருக்கிறீர்களா? வலதுபக்க ஜன்னலில் மேற்குத் தொடர்ச்சி மலை கூடவே வரும். சிவகிரி, வாசுதேவநல்லூர் தாண்டினால் புளியங்குடி. ஊரின் பெயரில் இருப்பது புளி. ஊருக்குச் சோறு போடுவதோ எலுமிச்சை! மூட்டை மூட்டையாக ஏலத்துக்கு வந்து, லாரி ஏறி, மலைக்கு அந்தப் பக்கம் கேரளா வரை போகிறது. 'லெமன் சிட்டி' என்று ஊருக்குச் செல்லப் பெயரே உண்டு.

2025-ல் புளியங்குடி எலுமிச்சைக்கு புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தப் பதிவில் பழத்தின் ஆங்கிலப் பெயர் என்ன தெரியுமா? 'ஆசிட் லைம்'. கவனியுங்கள்... லெமன் இல்லை, லைம்!

"அதனால என்ன சார்? ரெண்டும் ஒண்ணுதானே?"

அப்படித்தான் நாம் எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறோம். ஹோட்டலில் 'லெமன் ரைஸ்' கேட்கிறோம். இலையில் வந்து விழுவது லைம் பிழிந்த சாதம். அசல் லெமன் கொஞ்சம் பெரிசு, தடித்த தோல், நல்ல மஞ்சள், இரண்டு முனையிலும் மூக்கு வைத்த மாதிரி இருக்கும். நம்மூர் சந்தையில் அதைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். நாம் 'எலுமிச்சை' என்று பொதுவாகச் சொல்லிவிடுவதால் நமக்கு ஒரு நஷ்டமும் இல்லை.

ஆனால், இதே குழப்பத்தில் போய் விழுந்த இன்னொரு கூட்டம் உண்டு. உலகத்தையே கட்டி ஆண்ட பிரிட்டிஷ் கடற்படை! அவர்கள் கொடுத்த விலை கொஞ்சம் அதிகம்.

கதையை வாஸ்கோடகாமாவிலிருந்து ஆரம்பிப்பதுதான் முறை. 1498 அக்டோபரில் மனுஷன் நம் மேற்குக் கடற்கரையை விட்டுக் கிளம்புகிறார். காற்று ஒத்துழைக்கவில்லை. அரபிக் கடலைத் தாண்டவே மூன்று மாதம். கப்பலில் இருந்தவர்களுக்கு ஈறு வீங்கி, பல்லை மூடிக்கொண்டு வளர்ந்தது. கால் வீங்கியது. சுமார் முப்பது பேர் செத்தார்கள். கப்பலுக்கு ஏழெட்டுப் பேர்தான் பாய்மரக் கயிறு பிடிக்கிற நிலைமையில் இருந்தார்கள். 1499 ஜனவரியில் ஆப்பிரிக்காவின் மாலிந்தியில் கரை ஒதுங்கியதும், நோயாளிகளுக்காக ஆரஞ்சுப் பழம் கேட்டு ஆள் அனுப்பினார் கேப்டன். கிளம்பி வந்த கரையெல்லாம் எலுமிச்சையும் நாரத்தையும் விளைகிற பூமி! ஒரு கூடை கூடுதலாக ஏற்றியிருந்தால்...

அந்த நோய்க்குப் பெயர் ஸ்கர்வி. நம் உடம்பின் தசை, தோல், ரத்தக்குழாய் எல்லாவற்றையும் கட்டிவைக்கிற பசை மாதிரியான புரதம் கொலாஜன். அதை உருவாக்க வைட்டமின் சி வேண்டும். அது இல்லாவிட்டால் சுவரில் காரை உதிர்வது மாதிரி உடம்பு உதிர ஆரம்பிக்கும். பழைய தழும்புகூடத் திறந்துகொள்ளும். 1740-ல் உலகம் சுற்றக் கிளம்பிய ஆன்சனின் கப்பலில் ஒரு வயதான சிப்பந்தி. ஐம்பது வருஷத்துக்கு முன்னால், 1690-ல் அயர்லாந்தில் நடந்த சண்டையில் பட்ட காயம். ஆறி மறந்தே போனது. ஸ்கர்வி வந்ததும் அந்தக் காயம் நேற்றுப் பட்டது மாதிரி வாயைப் பிளந்துகொண்டது! பாய்மரக் கப்பல் யுகத்தில் இந்த நோய் சுமார் இருபது லட்சம் மாலுமிகளைத் தின்றிருக்கும் என்று கணக்கிடுகிறார்கள்.

ஒரு விஷயம் யோசித்தீர்களா? அந்தக் கப்பல்களில் எலி இருந்தது, ஆடு இருந்தது. அவற்றுக்கு ஸ்கர்வி வருவதில்லை. பெரும்பாலான மிருகங்கள் வைட்டமின் சி-யைத் தங்கள் உடம்புக்குள்ளேயே தயாரித்துக்கொள்கின்றன. நம் வம்சத்தில், ஏறக்குறைய ஆறு கோடி வருஷத்துக்கு முன்னால், ஏதோ ஒரு குரங்கு மூதாதைக்கு அந்த வேலையைச் செய்கிற ஜீன் பழுதாகிவிட்டது. பழுதான சாமான் இன்னமும் நம் எல்லோர் உடம்பிலும் அப்படியே கிடக்கிறது. மரத்தில் பழம் தின்று வாழ்ந்தவரை யாருக்கும் உறைக்கவில்லை. கப்பலேறிய பிறகுதான் உறைத்தது.

சரி, மருந்தைக் கண்டுபிடித்தது யார்? ஜேம்ஸ் லிண்ட் என்று பள்ளிக்கூடப் புத்தகத்தில் படித்திருப்பீர்கள். 1747 மே 20. 'சாலிஸ்பரி' என்ற போர்க்கப்பலில் பன்னிரண்டு நோயாளிகளை இரண்டிரண்டு பேராகப் பிரித்தார் இந்த டாக்டர். ஒரு ஜோடிக்கு ஆப்பிள் மது, ஒரு ஜோடிக்கு நீர்த்த கந்தக அமிலம் (ஆமாம், பாட்டரி அமிலம்!), ஒன்றுக்கு வினிகர், ஒன்றுக்குக் கடல் தண்ணீர், ஒன்றுக்குப் பூண்டு - கடுகு லேகியம். கடைசி ஜோடிக்குத் தினம் இரண்டு ஆரஞ்சு, ஒரு லெமன். ஆறே நாளில் பழம் தீர்ந்துவிட்டது. ஆனால், அதற்குள் பழம் தின்றவர்களில் ஒருவர் வேலைக்குத் திரும்பிவிட்டார்! இன்றைக்குப் புது மருந்து எது வந்தாலும் ஒரு கூட்டத்துக்குக் கொடுத்து, இன்னொரு கூட்டத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கிறார்களே... அதற்கெல்லாம் இது ஒரு முன்னோடி.

பள்ளிக்கூடப் புத்தகம் இங்கே நிறுத்திவிடும். அசல் தமாஷ் இதற்குப் பிறகுதான்.

லிண்டுக்குத் தான் கண்டுபிடித்தது என்னவென்று புரியவில்லை! 1753-ல் நானூறு பக்கத்துக்கு மேல் புத்தகம் போட்டார். அதில் இந்தப் பரிசோதனைக்கு ஒதுக்கியது சில பக்கங்கள். ஸ்கர்விக்கு அவர் அடுக்கிய காரணங்களில் ஈரக்காற்றுக்குத்தான் முக்கிய இடம். பழம் அழுகிவிடுமே, என்ன செய்வது என்று யோசித்து ஒரு வழி சொன்னார். சாற்றை மணிக்கணக்கில் சூடாக்கி, வற்றவைத்து, கெட்டியான பாகாக்கி எடுத்துப் போங்கள் என்றார். காய்ச்சக் காய்ச்ச வைட்டமின் சி காலி! நம் வீட்டில் எலுமிச்சை ரசம் வைக்கிறவர்களைப் பாருங்கள். அடுப்பை அணைத்து, இறக்கி வைத்த பிறகுதான் பழத்தைப் பிழிவார்கள். "கொதிச்சா கசந்துடும்" என்பதுதான் அவர்கள் சொல்லும் காரணம். காரணம் எதுவானால் என்ன? லிண்ட் கோட்டை விட்ட இடத்தை அவர்கள் விடவில்லை.

1794-ல் லிண்ட் இறந்துபோனார். அடுத்த வருஷம், கில்பர்ட் பிளேன் என்ற டாக்டரின் முயற்சியால் கடற்படைக்கு லெமன் சாறு உத்தரவானது. காய்ச்சாத சாறு. கெடாமல் இருக்கக் கொஞ்சம் மது. ஸ்கர்வி காணாமலே போய்விட்டது. நெப்போலியனோடு மோதிய காலமெல்லாம் பிரிட்டிஷ் கப்பல்கள் மாதக்கணக்கில் கடலிலேயே நின்றதற்கு அந்தச் சாறும் ஒரு காரணம்.

சுபம் போட வேண்டிய இடம்தானே? இங்கேதான் கணக்குப்பிள்ளை உள்ளே வருகிறார். (நானும் காமர்ஸ் படித்தவன்தான்... அதனால் உரிமையோடு சொல்கிறேன்!) லெமன் வந்தது மத்தியதரைக்கடல் பக்கத்திலிருந்து, அடுத்தவன் தோட்டத்திலிருந்து. லைமோ, பிரிட்டனின் சொந்தக் காலனிகளான மேற்கிந்தியத் தீவுகளில் விளைகிறது. நம் காசு நம்மிடமே இருக்குமே! அதோடு, லைம் இன்னும் புளிப்பு. ஸ்கர்வியை விரட்டுவது புளிப்புதான் என்று எல்லோரும் நம்பினார்கள். அப்படியானால், அதிகப் புளிப்பு அதிக நல்லதுதானே? தவிர, அவர்களும் நம்மைப் போலத்தான்... லெமன், லைம் இரண்டு வார்த்தையையும் இஷ்டத்துக்கு மாற்றி மாற்றிப் புழங்கினார்கள். 1860-களில் லெமன் போய் லைம் வந்தது. பிரிட்டிஷ்காரனுக்கு 'லைமி' என்று பட்டப்பெயர் வந்த கதை இதுதான்.

வந்த சாற்றையும் ஒழுங்காக வைக்கவில்லை. வெளிச்சம் பட்டது, காற்றுப் பட்டது, செம்புக் குழாயில் ஓடியது. மூன்றுமே வைட்டமின் சி-க்கு எமன். கப்பலில் ஏறும்போது அதில் புளிப்பு இருந்தது. மருந்து இல்லை.

யாருக்காவது தெரிந்ததா? தெரியவில்லை. காரணம், அதற்குள் நீராவிக் கப்பல் வந்துவிட்டது. பயணம் சுருங்கி, ஸ்கர்வி வருவதற்குள் துறைமுகம் வந்துவிடும். அங்கே கீரையும் காய்கறியும் புதுக்கறியும் கிடைக்கும். எல்லோரும் லைம் சாறு காப்பாற்றுகிறது என்று நினைத்துக்கொண்டார்கள்.

1875-ல் ஜார்ஜ் நேர்ஸ் தலைமையில் இரண்டு கப்பல்கள் வடதுருவம் நோக்கிப் போயின. நீண்ட பனிக்காலம். டாக்டர்கள் உண்டு, லைம் சாறும் உண்டு. ஆனால், ஏறக்குறைய பாதிப் பேருக்கு ஸ்கர்வி! பாதியில் திரும்பினார்கள். விசாரணை வைத்து நேர்ஸைக் குடைந்தார்கள். கொஞ்ச காலத்தில் டாக்டர்களே "பழமாவது, சாறாவது... கெட்டுப்போன டின் இறைச்சியின் விஷம்தான் ஸ்கர்வி" என்று பேச ஆரம்பித்தார்கள். தென்துருவம் போன கேப்டன் ஸ்காட் கூட்டம் வரை அந்த நம்பிக்கை ஓடியது. நூறு வருஷத்துக்கு முன்னால் கைக்கு வந்த வைத்தியம், கை நழுவிப் போயே விட்டது.

இதில் நம்மவர்கள் எங்கே வருகிறார்கள் என்கிறீர்களா? வருகிறார்கள்.

முதல் உலகப்போர். 1915 டிசம்பர். இன்றைய இராக்கில், டைக்ரிஸ் நதிக்கரையில் குட் என்கிற ஊர். பிரிட்டிஷ் - இந்தியப் படையைத் துருக்கியர்கள் சுற்றி வளைத்துவிட்டார்கள். 147 நாள் முற்றுகை. சாப்பாடு தீர்ந்து, குதிரைகளை வெட்டினார்கள். வெள்ளைச் சிப்பாய்கள் குதிரைக்கறி தின்றார்கள். இந்தியச் சிப்பாய்களில் பெரும்பாலோர் மதத்துக்கு ஒவ்வாது என்று நீண்ட நாள் மறுத்தார்கள். பச்சைக் கறியில் கொஞ்சமாவது வைட்டமின் சி உண்டு. பார்லி மாவில் சுத்தமாகக் கிடையாது. விளைவு... சுமார் ஆயிரம் இந்தியர்கள் ஸ்கர்வியில் படுத்தார்கள். வெள்ளையர்களில் சொற்பம். வேடிக்கை என்னவென்றால், பளபள வெள்ளை மாவு ரொட்டி தின்ற வெள்ளையர்களுக்கு பெரிபெரி வந்தது. தவிட்டோடு மாவு தின்ற நம்மவர்களுக்கு அது வரவில்லை!

முற்றுகைக்கு வெளியே, மெசபடோமியாவின் மற்ற முகாம்களிலும் ஆயிரக்கணக்கான இந்தியச் சிப்பாய்களுக்கு ஸ்கர்வி. லைம் சாறு கொடுத்தும் பிரயோஜனமில்லை. இங்கே இந்தியாவில் கிரெய்க் என்ற டாக்டர், பயறை முளைகட்டிக் கொடுத்துப் பார்க்கலாமே என்று 1917-ல் எழுதினார். காய்ந்த பயறில் இல்லாத வைட்டமின் சி, முளை விட்டதும் உள்ளே உற்பத்தியாகிறது.

லண்டனில் லிஸ்டர் ஆய்வு நிலையம். ஹாரியட் சிக், மார்கரெட் ஹ்யூம், ரூத் ஸ்கெல்டன் என்று மூன்று பெண்கள் உட்கார்ந்து, கினி பன்றிகளுக்கும் குரங்குகளுக்கும் இரண்டு சாற்றையும் கொடுத்துப் பார்த்தார்கள். 1918-ல் முடிவு வந்தது. புது லைம் சாற்றின் சக்தி லெமனில் நாலில் ஒரு பங்குதான். புட்டியில் கிடந்த லைம் சாறு சுத்த வேஸ்ட்! ஆலிஸ் ஹெண்டர்சன் ஸ்மித் என்ற இன்னொரு பெண்மணி பழைய கடற்படைக் கணக்குகளைக் கிளறி, எந்தக் காலத்தில் எந்தப் பழம் என்று பிரித்துக் காட்டினார். அரை நூற்றாண்டுக் குழப்பம் அன்றைக்குத்தான் தெளிந்தது.

அந்தப் பொருளைத் தனியாகப் பிரித்தவர் ஹங்கேரியின் சென்ட்-ஜியார்ஜி. இன்னதென்று பிடிபடாத ஒரு சர்க்கரை மாதிரி இருந்ததால், 'எனக்குத் தெரியாது' என்று அர்த்தம் வருகிற மாதிரி 'இக்னோஸ்' என்று பெயர் வைத்தார். பத்திரிகை ஆசிரியர் ஒப்புக்கொள்ளவில்லை. 'அப்படியானால் காட்நோஸ்' என்றார். அதாவது, கடவுளுக்குத்தான் தெரியும்! 1937-ல் நோபல் பரிசு வந்தது.

அதே 1937-ல் நம் நீலகிரியில், குன்னூர் ஊட்டச்சத்து ஆய்வுக்கூடத்தை நடத்திக்கொண்டிருந்த அய்க்ராய்ட், இந்திய உணவுகளில் என்னென்ன சத்து என்று பட்டியல் போட்டு வெளியிட்டார். இன்று ஹைதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் பூர்வீகம் அந்தக் குன்னூர் கட்டடம்தான். 1939 - 40 பஞ்சத்தில் பஞ்சாபின் ஹிஸார் பக்கம் ஸ்கர்வி வந்தபோது, நெல்லிக்காய்ப் பொடியைக் கொடுத்தே குணப்படுத்தினார்கள். இன்றைய கணக்குப்படி நூறு கிராம் நெல்லிக்காயில் சுமார் 250 மில்லிகிராம் வைட்டமின் சி. கொய்யாவில் 200-க்கு மேல். கொய்யாவில் எங்கே புளிப்பு? முருங்கைக்கீரையில் ஏறக்குறைய 100. புளியில்? ஐந்துகூடத் தேறாது!

பயப்படாதீர்கள், புளியங்குடிப் பழத்துக்கு ஒரு குறையும் இல்லை. இன்றைய அளவீடுகளில் லெமன் சாற்றுக்கும் லைம் சாற்றுக்கும் அப்படியொன்றும் பெரிய இடைவெளி காணோம். அமெரிக்க அட்டவணையில் நூறு கிராமுக்கு 39, 30 என்று இருக்கிறது. ஸ்கர்வி வராமல் தடுக்க ஒரு நாளைக்கு 10 மில்லிகிராம் போதும். சாறுள்ள ஒரு பழத்தை அப்போதே பிழிந்தால் ஏறக்குறைய அது வந்துவிடும். லைம், லெமன் உறவுமுறையைக்கூட 2018-ல் மரபணு ஆய்வில் பிரித்துப் பார்த்துவிட்டார்கள். நாரத்தை வகையறாவைச் சேர்ந்த சிட்ரான்தான் இரண்டுக்கும் அப்பா. அம்மாக்கள்தான் வேறு!

சரித்திரம் இத்தோடு முடிந்திருந்தால் நான் இவ்வளவு நீட்டியிருக்க மாட்டேன். 2011-ல் ஒரு ஆய்வு வெளியானது. வடக்கே டெல்லி எய்ம்ஸ், தெற்கே புதுச்சேரி அரவிந்த் கண் மருத்துவமனை. அறுபது வயது தாண்டிய ஐயாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் ரத்தத்தைப் பார்த்தார்கள். வைட்டமின் சி பற்றாக்குறை வடக்கே நூற்றுக்கு 74 பேருக்கு. தெற்கே நூற்றுக்கு 46 பேருக்கு. எல்லோருக்கும் ஸ்கர்வி என்று அர்த்தமில்லை. சத்து அந்த அளவுக்குக் கீழே கிடக்கிறது என்று அர்த்தம். ஆண்கள், புகையிலை போடுகிறவர்கள், விறகடுப்புப் புகையில் புழங்குகிறவர்கள், வயது ஏற ஏற இன்னும் மோசம்.

வீட்டில் பெரியவர்கள் இருந்தால் பல் போனதால் கொய்யாவை ஒதுக்குகிறார்களா, 'சளி பிடிக்கும்' என்று பழமே வேண்டாம் என்கிறார்களா, காலையில் கொதித்த கீரையையே ராத்திரியும் சுடவைத்துச் சாப்பிடுகிறார்களா... ஒரு நாள் உட்கார்ந்து பாருங்கள். தெற்கே ரத்தம் எடுத்த அந்தப் புதுச்சேரிக்கும் எலுமிச்சை மூட்டை மூட்டையாக ஏலம் போகிற புளியங்குடிக்கும் நடுவில் ஒரு ராத்திரி பஸ் தூரம்தான்.