டெண்ட் அடிக்க ஒரு தனி இடம்: திருமயமும் சுத்துப்பட்டு மலைகளும்

லீவு விட்டாச்சுன்னா எல்லார் வீட்டுலயும் ஒரே பேச்சுதான். ஊட்டி வேணாம், கொடைக்கானல் வேணாம், போற இடமெல்லாம் கூட்டம். ஆள் அரவம் இல்லாத இடமாப் பாத்து ஒரு டெண்ட் அடிச்சு, புள்ளகுட்டிகளோட ரெண்டு ராத்திரி இருந்துட்டு வரணும். நல்ல ஆசைதான். ஆனா அந்த 'ஆள் அரவம் இல்லாத இடம்' எங்க இருக்கு? இந்தக் கேள்வி நமக்கு முன்னாடியே நிறைய பேருக்கு வந்திருக்கு. அதுல சில பேரு திருமயம் பக்கமா வந்து இடமும் புடிச்சிருக்காங்க. அவங்க கதையைப் பார்த்துட்டு அப்புறம் டெண்டுக்கு வருவோம் :-)

புதுக்கோட்டையிலிருந்து காரைக்குடி போகிற சாலையில், சுமார் 20 கிலோமீட்டர் தெற்கே திருமயம். பழைய பெயர் திருமெய்யம். பஸ்ஸில் போகும்போதே பாறை மேல் உட்கார்ந்திருக்கும் கோட்டை கண்ணில் படும். 1687-இல் ராமநாதபுரம் சேதுபதி கட்டியது. பின்னால் புதுக்கோட்டைத் தொண்டைமான்கள் கைக்கு வந்தது. அதே பாறையின் தெற்குச் சரிவில் சிவனுக்கு ஒரு குடைவரை, பெருமாளுக்கு ஒரு குடைவரை, பக்கத்துப் பக்கத்துல. பெருமாள் ஆதிசேஷன் மேல ஹாயாகப் படுத்திருக்கிறார். நல்ல இடம் பார்த்து முதல்ல படுத்தவர் அவர்தான்னு வச்சுக்கலாம்.

சரி, மனுஷங்களுக்கு வருவோம்.

தனி இடம் தேடி இந்தப் பக்கம் வந்தவர்களில் நமக்குத் தெரிந்து ரொம்பப் பழையவர்கள் சமண முனிவர்கள். மழைக்காலத்தில் ஊர் ஊராக நடந்தால் புழு பூச்சிகளை மிதித்துவிடுவோம், அதனால் மழை முடியும்வரை ஒரே இடத்தில் தங்க வேண்டும் என்பது அவர்கள் விதி. ஊருக்குள் தங்கினால் தவம் நடக்காது. ஊரை விட்டு ரொம்ப தூரம் போனால் சோறு கிடைக்காது. ஆக வேண்டியது என்ன? மழைக்கு ஒதுங்க ஒரு குகை, பக்கத்தில் ஒரு சுனை, நடந்து போய்ப் பிச்சை வாங்கி வரும் தூரத்தில் ஒரு ஊர். இந்த மூணும் சேர்ந்த இடம் புதுக்கோட்டைச் சீமையில் நிறைய உண்டு.

எல்லாரும் அறிந்தது சித்தன்னவாசல். புதுக்கோட்டைக்கு வடமேற்கே இருக்கிறது. ஓவியம் பார்க்கப் போகிற பல பேர் மேலே ஏழடிப்பாட்டம் ஏறாமல் திரும்பிவிடுகிறார்கள். பாறையில் கால் வைக்க வெட்டிய ஏழு குழிகளால் வந்த பெயர் அது. மலை ஏறி, குறுகலான விளிம்பில் நடந்து போனால் இயற்கையான ஒரு குகை. உள்ளே வழவழவென்று செதுக்கிய 17 கல் படுக்கைகள், தலைப்பக்கம் தலையணை மாதிரி மேடு. இரண்டாயிரம் வருஷத்து டார்மிட்டரி!

அங்கே இருப்பதில் பெரிய படுக்கையில் தமிழ் பிராமி எழுத்தில் ஒரு கல்வெட்டு. அது சொல்லும் சேதி இவ்வளவுதான்: எருமி நாட்டுக் குமுழூரில் பிறந்த ஒருவருக்காக, சிறுபாவில் என்ற ஊர்க்காரரான இளையர் இந்த இருக்கையைச் செய்து கொடுத்தார். எருமி நாடு என்பது மைசூர்ப் பக்கம் என்பது கல்வெட்டு அறிஞர்கள் கருத்து. எங்கிருந்தோ வந்த ஒருத்தர் ஆளில்லாத மலையில் போய்த் தங்குகிறார். அவருக்குக் கீழேயிருந்து ஒருத்தர் ஏறி வந்து படுக்கை வெட்டிக் கொடுக்கிறார். நல்லா கவனிங்க, முதல் வரியிலேயே தனிமை போச்சு!

இதைவிட எனக்குப் பிடித்தது தேனிமலைக் கல்வெட்டு. திருமயத்துக்கு மேற்கே இருக்கிற சின்ன மலை, பழைய கணக்குப்படி திருமயம் தாலுகாதான். மலையில் ஒரு குகை, ஆண்டார் மடம் என்று பெயர். மலயத்துவசன் என்ற முனிவர் இந்த மலையில் தவம் செய்வதை இருக்குவேள் பார்க்கிறான். கொடும்பாளூர்ப் பக்கத்தை ஆண்ட வேளிர் குடியைச் சேர்ந்தவன். பார்த்து, வணங்கி, முனிவரின் சாப்பாட்டுச் செலவுக்காகப் பள்ளிச்சந்தமாக நிலம் விடுகிறான். அதைத்தான் அந்தக் கல்வெட்டு பதிவு செய்கிறது.

'பார்த்து' என்கிற அந்த ஒரு வார்த்தைதான் விஷயமே. யாரும் பார்க்கக் கூடாது என்று மலைக்குப் போனவரை ஒருத்தன் பார்த்துவிட்டான். பார்த்ததால்தான் அவருக்குச் சோறு. இன்றைக்கு அவர் பெயர் நமக்குத் தெரிவதும் அதனால்தான்.

இப்ப ஒரு ஆயிரம் வருஷம் தாண்டிக் குதிப்போம். தேனிமலை இருக்கிற அதே பொன்னமராவதிப் பக்கத்தில்தான் திருக்களம்பூர். 1799 செப்டம்பரில் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை விழுந்த பிறகு, கட்டபொம்மன் வடக்கே தப்பி வந்து இந்தப் பக்கத்துக் காட்டில்தான் ஒளிந்திருந்தார். அவரும் ஆள் அரவம் இல்லாத இடம் தேடியவர்தான். தொண்டைமான் ஆட்கள் கண்டுபிடித்து ஆங்கிலேயரிடம் ஒப்படைத்தார்கள். 1799 அக்டோபர் 16 அன்று கயத்தாற்றில் தூக்கு. அவர் தம்பி ஊமைத்துரையைத் திருமயம் கோட்டையில் வைத்திருந்தார்கள் என்று ஊருக்குள் ஒரு கதை உண்டு. அதனால் கோட்டைக்கே ஊமையன் கோட்டை என்று இன்னொரு பெயர்.

அதே சீமை, அதே மாதிரிக் காடு, பாறை. ஒருத்தரைப் பார்த்தவன் நிலம் கொடுத்தான். இன்னொருத்தரைப் பார்த்தவன் காட்டிக் கொடுத்தான். ரெண்டு கதையும் சொல்வது ஒண்ணுதான்: இந்த மண்ணில் ஆளில்லாத இடம் என்று எதுவுமே கிடையாது. வெளியாளுக்குப் பொட்டல் காடு மாதிரி தெரியும். ஆனா அது யாரோ ஆடு மேய்க்கிற இடம், யாரோ விறகு பொறுக்குற இடம், யாரோ வருஷத்துக்கு ஒரு தடவை பொங்கல் வைக்கிற சாமி இருக்கிற இடம். நாம் அங்கே இருப்பது பொழுது சாயுறதுக்குள்ள ஊருக்குத் தெரிஞ்சிடும். தனிமை என்பது அந்த ஊர் நமக்கு விட்டுத் தருவது. நல்லபடியாகக் கேட்டால் கிடைக்கும்.

இதை ஏன் இவ்வளவு நீட்டி முழக்குறேன்னா, இடம் தேடிப் போற நம்ம ஆளுங்க பண்ற வேலை அப்படி. குகைன்னா அடுப்பு மூட்டுறது, பாட்டிலை உடைக்கிறது, கல்வெட்டு பக்கத்துல இதயம் வரைஞ்சு அம்பு விடுறது. ("முனிவர்களும்தானே படுக்கையில் பேர் வெட்டி வச்சிருக்காங்க"ன்னு கேப்பீங்க. ஐயா, அவங்க அங்க உண்மையிலேயே தவம் கிடந்தாங்க!) சித்தன்னவாசலும் திருமயம் கோட்டையும் 1958 சட்டப்படி இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருப்பவை. பகலில் பார்க்கலாம், ராத்திரி தங்க முடியாது, நினைச்ச இடத்துல சமைக்கவும் முடியாது.

அடுப்புப் புகையைவிடப் பெரிய ஆபத்தும் இருக்கு. மலை இருந்தால்தானே குகை? இந்த மாவட்டம் முழுக்கக் கல் குவாரிகள். திருமயம் வட்டாரத்தில் சட்டவிரோதக் குவாரிகளைப் பற்றித் தொடர்ந்து மனு கொடுத்துவந்த ஜகபர் அலி 2025 ஜனவரி 17 அன்று லாரி மோதி இறந்தார். அது கொலை வழக்காகி, சிபிசிஐடி விசாரணைக்குப் போனது. இருக்குவேள் பார்த்த மாதிரி இன்னைக்கும் மலையைப் பார்த்துக்கிட்டு இருக்கிறவங்க இருக்காங்க. அதுக்கு அவங்க கொடுக்கிற விலைதான் மாறிப்போச்சு.

சரி, டெண்ட் எங்கே அடிக்கிறது? முனிவர்கள் கணக்கே போதும். நிழல், தண்ணி, கூப்பிடு தூரத்தில் ஒரு ஊர். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து கண்மாய்களில் தண்ணி கிடக்கிற தை, மாசியில் போங்க. சித்திரை வெயிலில் அந்தப் பாறைகளுக்குப் பக்கத்துல புள்ளைங்களோட நிக்க முடியாது. பழைய சின்னங்களை விட்டுத் தள்ளி, யாராவது ஒருத்தரோட தோப்புல, அவங்ககிட்ட கேட்டு இடம் புடிங்க. ஊருக்குள்ள போய், "அண்ணே, குடும்பத்தோட வந்திருக்கோம், ராத்திரி தங்கிக்கலாமா"ன்னு ஒரு வார்த்தை. கொஞ்ச நேரத்துல யாராவது ஒரு ஆத்தா வந்து, பாம்பு எந்தப் பக்கம், நல்ல தண்ணி எந்தப் பக்கம்னு சொல்லிட்டுப் போகும். அதுக்கப்புறம் அந்த ராத்திரி முழுக்க உங்களுக்குத்தான்.

பி.கு: ஏழடிப்பாட்டம் ஏற நினைக்கிறவங்க வெயிலுக்கு முன்னாடி ஏறிடுங்க. கம்பி வேலி இருக்கு, இருந்தாலும் சின்னப் புள்ளைங்க கையை விட்டுடாதீங்க. படுக்கையில படுத்து போட்டோ எடுக்காதீங்க. அது இன்னொருத்தருக்குன்னு பேர் எழுதி ரிசர்வ் பண்ணி வச்ச இடம் :-)