யமால்: மழை கொன்ற மந்தைகள்

ஒரு மழை 61,000 விலங்குகளைக் கொல்லுமா? கொன்றது. ரஷ்யாவின் யமால் தீபகற்பத்தில், 2013 நவம்பரில்.

யமால் என்றால் நெனெட்ஸ் மொழியில் நிலத்தின் முடிவு. மேற்குச் சைபீரியாவிலிருந்து காரா கடலை நோக்கிச் சுமார் 700 கிலோமீட்டர் நீளும் இந்தத் துந்த்ராவில் பெரும்பாலும் மரங்களே இல்லை. பாசி, லைக்கன், குட்டைப் புதர்கள்தான். அடிமண் ஆண்டு முழுக்க உறைந்திருக்கும். கோடையில் மேல்மண் மட்டும் இளகும். தண்ணீர் கீழே இறங்க முடியாமல் ஏரிகளாகத் தேங்கும். வாத்துகள் வரும், கொசுக்களும் வரும்.

உறைந்த மண் பழையதைக் காப்பாற்றும். 2007இல் ஒரு நெனெட்ஸ் மேய்ப்பர் கண்ட குட்டி மாமத் லியூபா, 40,000 ஆண்டுகளுக்கு மேல் கெடாமல் இருந்தது.

நெனெட்ஸ் மக்கள் துருவமான் மந்தைகளோடு இடம்பெயர்ந்து வாழ்பவர்கள். கோடையில் வடக்கே, குளிர்காலத்தில் தெற்கே. சோவியத் அரசு மந்தைகளைக் கூட்டுப்பண்ணைகளில் சேர்த்தபோது 1934இலும் 1943இலும் எதிர்த்து எழுந்தார்கள்.

துருவமான் குளம்பால் பனியைத் தோண்டி லைக்கன் தின்னும். 2013இல் பனிமேல் பெய்த மழை உறைந்து கெட்டிப் பனிக்கட்டியானது. குளம்பு இறங்கவில்லை. மந்தைகள் பட்டினியால் செத்தன.

2016 கோடை வெப்பத்தில் ஆந்த்ராக்ஸ் வந்தது. மண் இளகியதால் பழைய கிருமி வெளிவந்திருக்கலாம் என்கிறார்கள் ஆய்வாளர்கள். மான்களுக்குத் தடுப்பூசி போடுவதை 2007இலேயே நிறுத்தியிருந்தார்கள். 2,000க்கும் மேற்பட்ட மான்கள் இறந்தன. 12 வயதுச் சிறுவன் ஒருவனும் இறந்தான்.

இன்று எரிவாயுக் குழாய்களும் ரயில்பாதையும் மேய்ச்சல் வழிகளைக் குறுக்கறுக்கின்றன. பனி கெட்டியானால் வேறு மேய்ச்சல் நிலம் தேடிப் போகவேண்டும். அதற்கு வழி திறந்திருக்க வேண்டும். நெனெட்ஸ் மக்களைக் குளிர் வாழவைத்தது; அவர்கள் அஞ்சுவது வெப்பத்துக்குத்தான்.