மலைச்சரிவு வீடுகளில் துவைப்பிடத் தரை வடிகால்: சித்தேரியை முன்வைத்து ஓர் ஆய்வு

1. ஆய்வுப் பொருளும் களமும்

தர்மபுரி மாவட்டம் அரூரை அடுத்த சித்தேரி, கிழக்குத் தொடர்ச்சி மலையில் உள்ள ஊராட்சி. பட்டியல் பழங்குடியினரான மலையாளி மக்கள் வாழும் மலைச் சிற்றூர்கள் பல அதில் அடங்கும். இத்தகைய ஊர்களில் தண்ணீர் இருக்கும் இடத்துக்குத் துணியைத் தூக்கிச் செல்வதே வழக்கமாக இருந்தது. தண்ணீரை வீட்டுக்கே கொண்டுவருவதை 2019இல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டம் இலக்காக வைத்தது. அதன்படி ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்றால், ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு 275 லிட்டர். குடித்ததும் சமைத்ததும் போக மிகுதியில் பெரும்பகுதி அழுக்குநீராக வெளியேறியே தீரும்.

துவைப்பதற்கென்று தனியறை இங்கே அரிது. பிரதமர் வீட்டுத் திட்டத்தில் கிராமப்புற வீட்டுக்குக் குறைந்தபட்ச அளவே 25 சதுர மீட்டர்தான். குளியலறையை ஒட்டியோ, பின்வாசல் தகரக் கூரையின் கீழோ துவைகல்லும் வாஷிங் மெஷினும் இருக்கும் இடத்தையே இக்கட்டுரை துவைப்பிடம் என்கிறது. அதன் வடிகாலை, நீர் போய்ச் சேரும் இடத்தில் தொடங்கி, பின்னோக்கி வீடு வரை திட்டமிட வேண்டும் என்பதே இங்கு வைக்கப்படும் வாதம்.

2. நீர் சேரும் இடம்

மலையில் வீடு கட்டுவோர், சரிவுதான் இருக்கிறதே, தண்ணீர் தானாக ஓடிவிடும் என்று விட்டுவிடுவது உண்டு. ஓடத்தான் செய்யும், மேல்வீட்டுச் சோப்புத் தண்ணீர் கீழ்வீட்டு வாசலில் போய் நிற்கும், அல்லது ஊற்றில் கலக்கும்.

உறிஞ்சுகுழி நல்ல தீர்வு. ஆனால் எல்லா இடத்துக்கும் ஆகாது. செப்டிக் டேங்க் கழிவுநீருக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 2470, உறிஞ்சுகுழி குடிநீர் ஆதாரத்திலிருந்து 18 மீட்டரும் வீட்டிலிருந்து 6 மீட்டரும் தள்ளி இருக்க வேண்டும் என்கிறது. வெடிப்புள்ள பாறை நிலத்தில் இம்முறையே வேண்டாம் என்றும் சொல்கிறது. வெடிப்பு வழியே கழிவு வடிகட்டப்படாமல் நேராக நிலத்தடி நீரில் இறங்கிவிடும். துவைத்த நீருக்கும் இதே அளவுகளைக் கொள்வது பாதுகாப்பு.

குழி தோண்டுமுன் மண்ணைச் சோதிக்க வேண்டும். ஓரடிக் குழியில் முந்தின நாளே நீர் ஊற்றி ஊறவிட்டு, மறுநாள் மீண்டும் நிரப்பி, எவ்வளவு நேரத்தில் எவ்வளவு இறங்குகிறது என்று அளக்கலாம். இறங்கவில்லை என்றாலோ, சில அடியிலேயே பாறை தட்டினாலோ, நீரைச் சமதளப் படிக்கட்டு நிலத்தில் வாழைக்குப் பாய்ச்சுவதே வழி. தடுப்புச் சுவருக்கு நேர்மேலே பாய்ச்சக் கூடாது; மண் ஊறினால் சுவர் சாயும். சோப்புத்தூளில் உள்ள சோடியம் களிமண்ணின் துகள்களைப் பிரித்து, மண் நீரை உறிஞ்சும் திறனைக் குறைக்கும். ஆகவே பாய்ச்சும் பாத்தியை அவ்வப்போது மாற்ற வேண்டும்.

3. மட்டக் கணக்கு

சேரும் இடம் முடிவானபின் மட்டம் கணக்கிடலாம். 2.4 மீட்டர் நீளமும் 1.8 மீட்டர் அகலமும் உள்ள துவைப்பிடத்தில், வாசலுக்கு எதிர்மூலையில், நாற்றத்தைத் தடுக்கும் தரை வடிவாயான நஹானி ட்ராப் வைப்பதாகக் கொள்வோம். மூலைக்கு மூலை தொலைவு 3 மீட்டர். 60க்கு 1 என்று வாட்டம் பிடித்தால் தரை 5 செ.மீ. இறங்க வேண்டும். ட்ராப்பை மூடும் ஜாலியிலிருந்து அதன் வெளிவாய் அடிவரை 10 செ.மீ. அங்கிருந்து, உறிஞ்சுகுழிக்கோ பாத்திக்கோ முன்னுள்ள வெளித்தொட்டிக்கு 6 மீட்டர் குழாய், 50க்கு 1 சரிவில் 12 செ.மீ. ஆக, தரையின் மேட்டுப் பகுதியைவிடத் தொட்டியின் நுழைவாய் 27 செ.மீ. தாழ்ந்திருக்க வேண்டும்.

இந்த 27 செ.மீ. கடைக்கால் மட்டத்திலேயே கிடைக்க வேண்டியது. தரை போட்டபின் தேடினால் கிடைக்காது. அப்போது மேஸ்திரி வாட்டத்தைக் குறைப்பார். குழாயில் பஞ்சும் நூலும் தங்கும்.

4. ட்ராப்பும் குழாயும்

மொகஞ்சதாரோ வீடுகளிலேயே செங்கல் பதித்த, சாய்தளமான குளியல் மேடையிலிருந்து நீர் தெருச் சாக்கடைக்குப் போனது. நாற்றத்தைத் தடுக்கும் நீரடைப்பு பிற்காலத்தது. வளைகுழாய் கொண்ட கழிப்பறைக்கு அலெக்சாண்டர் கம்மிங் 1775இல் காப்புரிமை பெற்றார். நஹானி ட்ராப்பில் தேங்கி நிற்கும் 5 செ.மீ. நீரே அந்த அடைப்பு. வேலைக்காகக் குடும்பத்தோடு மாதக்கணக்கில் வெளியூர் செல்வோர் வீட்டில் அந்த நீர் வற்றி, நாற்றமும் கரப்பானும் ஏறிவரும். புறப்படும் நாளில் ஒரு குவளைத் தண்ணீரும் அதன்மேல் ஒரு கரண்டி எண்ணெயும் ஊற்றினால் நீர் ஆவியாவது குறையும்.

செமி ஆட்டோமேட்டிக் மெஷினில் நீர் பெரும்பாலும் தானாக வடியும். குழாயைத் தரையோடு தாழ்த்தினால்தான் தொட்டி காலியாகும். மெஷினைத் திண்டின்மேல் வைப்பது இதனால் நல்லது. முன்கதவு மெஷினில் பம்ப் நீரைத் தள்ளும். அதன் குழாயை, தயாரிப்பாளர் சொல்லும் உயரத்தில் நிற்கும் குழாய்க்குள் செருக வேண்டும். தரையில் போட்டால் துவைத்து முடிக்குமுன்பே நீர் உறிஞ்சப்பட்டு வெளியேறிவிடும். இரண்டு வகைக்கும் 75 மி.மீ. குழாய் போதும். 90 பாகை எல்போவுக்குப் பதில் இரண்டு 45 பாகை வளைவு வைத்தால் அடைப்பு குறையும். மழைநீரை இக்குழாயில் சேர்க்கவே கூடாது. சேர்த்தால் ஒரே அடைமழையில் உறிஞ்சுகுழி நிரம்பிவிடும்.

5. சோதனை

ஓடு பதிப்பதற்கு முன், நீர்காப்புப் பூச்சு காய்ந்ததும் ஜாலியை அடைத்து ஒரு நாள் நீர் தேக்கிச் சுவரில் ஈரம் ஏறுகிறதா என்று பார்க்க வேண்டும். ஓடு பதிக்கும்போது ரசமட்டத்தை மட்டும் நம்பாமல் வாசலருகே ஒரு வாளி நீரைச் சாய்க்க வேண்டும். எங்காவது உள்ளங்கையளவு நீர் தேங்கினாலும் கலவை ஈரமாக இருக்கும்போதே அந்த ஓட்டைப் பெயர்த்துச் சரிசெய்வது எளிது.

6. முடிவு

தூய்மை பாரத இயக்கத்தின் 2020இல் தொடங்கிய இரண்டாம் கட்டம் கிராமங்களின் அழுக்குநீர் மேலாண்மையையும் சேர்த்துக்கொண்டது. ஆனால் ஊராட்சி குழி வெட்டித் தந்தாலும், வீட்டுக் குழாய் அதைவிடத் தாழ்ந்திருந்தால் பயனில்லை. ஆகவே வீடு கட்டுவோர் ஓட்டின் நிறத்தைத் தேர்ந்தெடுக்கும் முன், நீர் போய்ச் சேரும் இடத்தில் ஒரு முளையடித்து, அதிலிருந்து மட்டம் பிடித்து மேலே வரும்படி மேஸ்திரியிடம் சொல்ல வேண்டும்.