பேச்சுக் கோரிக்கைகளை இனம் பிரித்தல்: பெங்களூரு வழியே ஒரு வரலாறு

ஒருவர் தமக்குப் பழகிய பேச்சுமொழியில் சொல்வதைக் கேட்டு, அவருக்கு என்ன வேண்டும் என்று கணினி முடிவு செய்வதே பேச்சுக் கோரிக்கைகளை இனம் பிரித்தல். வங்கிகளின் தானியங்கிக் குரல் சேவை, உதவி எண்கள், கைப்பேசியின் குரல் உதவியாளர் எல்லாவற்றுக்கும் இதுவே அடிப்படை. பேச்சை எழுத்தாக்குவது ஒரு வேலை. அந்த எழுத்தைப் பார்த்து 'இது புகார், இது கட்டணம், இது புது இணைப்பு' என்று பிரிப்பது வேறு வேலை. முதல் வேலை முடிந்துவிட்டால் இரண்டாவது தானே நடந்துவிடும் என்று நினைப்போர் பலர். கடந்த முப்பது ஆண்டு அனுபவம் அப்படிச் சொல்லவில்லை.

பெங்களூரு நகர ரயில் நிலையத்தை அடுத்துள்ள ஒக்கலிபுரத்தை எடுத்துக்கொள்ளலாம். தமிழர்கள் கணிசமாக வாழும் பகுதி அது. அங்கே ஒரு தெருவில் மின்சாரம் நின்றுபோய், மின்விநியோக நிறுவனமான பெஸ்காமின் உதவி எண் 1912-க்கு நான்கு பேர் அழைப்பதாக வைத்துக்கொள்வோம். தமிழ்க்காரர் 'கரண்ட் போயிடுச்சு' என்பார். கன்னடத்தில் அது 'கரெண்ட் ஹோகிதே', தெலுங்கில் 'கரெண்ட் போயிந்தி', உருதுவில் 'கரெண்ட் சலா கயா'. நான்கிலும் 'கரண்ட்' இருப்பதால் வேலை எளிது என்று தோன்றும். ஆனால் 'கரண்ட் பில் ஜாஸ்தி வந்திருக்கு' என்பதிலும் அதே சொல் இருக்கிறது. அது வேறு பிரிவுக்குப் போக வேண்டிய அழைப்பு. 'பில் கட்டியும் கரண்ட் கட் பண்ணிட்டாங்க' என்று ஒருவர் சொன்னால் இரண்டு பிரிவும் ஒரே வாக்கியத்தில் வந்து நிற்கின்றன. அவர் எதையும் 'கோரவும்' இல்லை. நடந்ததைச் சொல்கிறார், அவ்வளவுதான். சொன்னதிலிருந்து சொல்லாததை எடுப்பதில்தான் இத்துறையின் சிக்கலெல்லாம் இருக்கிறது.

தொடக்கத்தில் இதை யாரும் தனிச் சிக்கலாகப் பார்க்கவில்லை. கிண்டிப் பொறியியல் கல்லூரியில் 1958-இல் பட்டம் பெற்று, பின்னர் அமெரிக்காவில் பேச்சறிதல் ஆய்வின் முன்னோடியாக விளங்கிய ராஜ் ரெட்டி, கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் 1970-களில் 'ஹியர்சே' என்ற அமைப்பை உருவாக்கினார். சதுரங்கக் காய் நகர்த்தல்களை வாயால் சொன்னால் அது புரிந்துகொள்ளும். பலகையில் அந்த நேரத்தில் எந்த நகர்வுகள் சாத்தியம் என்பதை வைத்தே, காதில் விழுந்தது எதுவாக இருக்கலாம் என்று அது ஊகித்தது. பொருள் தெரிந்தால் ஒலியும் தெளிவாகும் என்ற அந்த எண்ணம் இன்றும் பழையதாகிவிடவில்லை. 1976-இல் அதே பல்கலைக்கழகத்தின் 'ஹார்ப்பி' 1,011 சொற்களை அறிந்திருந்தது. 1994-இல் ரெட்டிக்கு டூரிங் விருது கிடைத்தது.

சந்தைக்கு வந்த முதல் அமைப்புகள் மிகச் சிறியவை. அமெரிக்கத் தொலைபேசி நிறுவனமான ஏடி அண்ட் டி 1992-இல் நாடு முழுவதும் கொண்டுவந்த சேவை ஐந்தே வகை அழைப்புகளை அறிந்தது: அழைக்கப்படுபவர் பணம் தரும் அழைப்பு, அட்டை அழைப்பு, மூன்றாம் எண்ணின் கணக்கில் சேரும் அழைப்பு, குறிப்பிட்ட ஆளுக்கான அழைப்பு, ஆபரேட்டர். அழைப்பவர் அந்தந்தச் சொல்லைச் சொன்னால் போதும். மக்களோ சொல்லை மட்டும் சொல்லவில்லை. 'அதுவந்து...', 'தயவுசெய்து...' என்று முன்னும் பின்னும் பேச்சு சேர்ந்தே வந்தது. வாக்கியத்தின் நடுவிலிருந்து சொல்லைப் பொறுக்கும் உத்தி அதனால் தேவைப்பட்டது. வகைகளை நிறுவனம் முடிவு செய்துவிட்டு, அவற்றின் பெயர்களை மக்கள் மனப்பாடம் செய்ய வேண்டும் என்பதே அந்தக் காலத்து ஏற்பாடு.

இதைத் தலைகீழாக்கியவர்கள் அதே நிறுவனத்தின் ஆலன் கோரின், ஜியுசெப்பே ரிக்கார்டி, ஜெரமி ரைட் ஆகியோர். 1997-இல் வெளியான அவர்களுடைய கட்டுரைக்கு, தொலைபேசி ஆபரேட்டர் கேட்கும் முதல் கேள்வியே தலைப்பு: 'நான் உங்களுக்கு எப்படி உதவலாம்?' அவர்கள் முதலில் செய்தது, மனித ஆபரேட்டரிடம் மக்கள் உண்மையில் என்ன சொல்கிறார்கள் என்று பதிவு செய்தது. 10,000 அழைப்புகள் சேர்ந்தன. அவற்றைக் கேட்ட பிறகே 14 வகைகளும், எதிலும் சேராதவற்றுக்கு 'மற்றவை' என்ற ஒன்றும் வரையப்பட்டன.

அந்தப் பதிவுகளில் ஒரு வகைப் பேச்சு திரும்பத் திரும்ப வந்தது. 'தவறான எண்ணுக்குப் போன் போட்டுவிட்டேன்' என்பார் ஒருவர். பணத்தைத் திரும்பத் தாருங்கள் என்று அதில் ஒரு சொல்கூடக் கிடையாது. ஆனால் ஆபரேட்டர் அதைக் கணக்கில் பணம் திருப்பித் தரும் கோரிக்கையாகவே எடுத்துக்கொள்வார். எந்தச் சொற்றொடர் வந்தால் எந்த வகைக்கு எவ்வளவு வாய்ப்பு என்று கணினி இந்தப் பதிவுகளிலிருந்தே கற்றது. எல்லா வகைகளிலும் ஒரே அளவில் வரும் சொல்லுக்கு மதிப்பில்லை. ஒரு வகையில் மட்டும் குவிந்து வரும் தொடருக்கு மதிப்பு அதிகம். ஒக்கலிபுரத்து எடுத்துக்காட்டில் 'கரண்ட்' முதல் ரகம். 'பில் ஜாஸ்தி' இரண்டாவது ரகம். இலக்கணப்படி வாக்கியத்தை முழுதாகப் பகுத்துப் பார்க்க வேண்டிய தேவையே இல்லாமல் போனது. பேச்சறிதல் நாலு சொல்லைத் தவறவிட்டாலும், முக்கியமான ஒரு தொடர் அகப்பட்டால் அழைப்பு சரியான இடத்துக்குப் போய்ச் சேரும். துறை வரலாற்றில் இதைவிடப் பெரிய திருப்பம் வேறில்லை என்றே சொல்ல வேண்டும்.

1999-இல் பெல் ஆய்வகத்தின் ஜெனிஃபர் சூ-காரல், பாப் கார்ப்பென்டர் இருவரும் ஒரு வங்கிக் கால் சென்டருக்கு வேறொரு வழியைக் காட்டினர். ஒவ்வொரு பிரிவையும், ஒவ்வொரு கோரிக்கையையும் எண்களின் வரிசையாக மாற்றி, எது எதற்கு அருகில் இருக்கிறது என்று அளப்பது அந்த முறை. 'கடன்' என்று மட்டும் ஒருவர் சொன்னால் அது பல பிரிவுகளுக்கு நடுவில் போய் விழும். அப்போது அமைப்பு ஏதோ ஒன்றைத் தேர்ந்துவிடாமல், எந்தக் கடன் என்று திருப்பிக் கேட்கும். கேட்டுத் தெளியும் இந்தப் பண்பு இன்றைய பல சேவைகளில் குறைந்துவிட்டது வருத்தத்துக்குரியது.

அதே 1990-களில் அமெரிக்கப் பாதுகாப்பு ஆய்வு முகமையின் ஆதரவில் விமானப் பயண விசாரணைகள் ஒரு தொகுப்பாகச் சேர்ந்தன. இன்றும் பாடநூல்களில் வரும் அத்தொகுப்பில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கு ஒரே வகை, அதாவது விமானம் எப்போது, எங்கிருந்து என்பது. எதைக் கேட்டாலும் 'விமானம்' என்று பதில் சொல்லும் நிரல்கூட அங்கே 70 சதவீதத்துக்கு மேல் மதிப்பெண் வாங்கிவிடும். மொத்த மதிப்பெண்ணைப் பார்த்து ஏமாறக் கூடாது என்பதற்கு ஆசிரியர்கள் எடுத்துக்காட்டும் தொகுப்பு இது.

பெங்களூரு இந்தக் கதைக்குள் முதலில் வந்தது கணினி வழியாக அல்ல, மனிதக் காதுகள் வழியாக. 1990-களின் இறுதியிலிருந்து நகரில் பெருகிய கால் சென்டர்களில், வெளிநாட்டு வாடிக்கையாளர் சொல்வதைக் கேட்டு எந்தப் பிரிவு என்று திரையில் தேர்ந்தெடுத்தவர்கள் இளைஞர்களும் இளம்பெண்களும்தான். உள்ளூர் சேவைகளில் 'தமிழுக்கு ஒன்றை அழுத்தவும்' என்ற பட்டியல் முறை இருந்தது. 2001-இல் இந்திய அறிவியல் கழகப் பேராசிரியர்களும் என்கோர் நிறுவனத்தாரும் அறிமுகம் செய்த 'சிம்ப்யூட்டர்' எழுத்தறியாதவருக்கும் பயன்பட வேண்டும் என்று இந்திய மொழிகளில் வாசித்துக் காட்டியது. அவர்கள் பேசுவதைக் கேட்டுப் புரிந்துகொள்ளும் வேலை பாக்கி இருந்தது.

அந்த வேலையின் மிக நேர்மையான தொடக்கங்களில் ஒன்று தமிழ்நாட்டுக் கிராமத்தில் நடந்தது. கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மாடலின் ப்ளோஷேயின் குழு, எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்துடன் சேர்ந்து, திண்டுக்கல் பக்கம் செம்பட்டியில் 'தமிழ் மார்க்கெட்' என்ற உரையாடல் அமைப்பைச் சோதித்தது. 2006-இல் அதன் கட்டுரைகள் வெளியாயின. பயிர், விலை, வானிலை போன்ற செய்திகளை விவசாயி வாயால் கேட்டுப் பெறலாம். சொல்தொகை மிகச் சிறியது. பேச்சுத் தரவு பெரிதாக இல்லாத மொழிக்கு, ஊராரின் குரலையே பதிவு செய்து அதிலிருந்து அமைப்பை வளர்ப்பது என்பதே அவர்கள் எடுத்த வழி. பின்னர் மத்திய அரசின் ஆதரவில் வேளாண் விளைபொருள் விலையைத் தொலைபேசியில் சொல்லும் திட்டம் தமிழ் உட்பட ஆறு மொழிகளில் வந்தது. தமிழுக்கு ஐஐடி மெட்ராஸ் பொறுப்பேற்றது. ஆனால் அங்கே விவசாயி ஒவ்வொரு கேள்விக்கும் மாவட்டம், சந்தை, விளைபொருள் என்று ஒற்றைச் சொல்லால்தான் பதில் சொல்ல முடிந்தது.

2014-இல் அமேசானின் அலெக்சா வந்த பிறகு இத்துறையின் பேச்சுவழக்கே மாறியது. கோரிக்கையின் வகைக்கு 'இன்டென்ட்' என்றும், அதற்குள் நிரப்ப வேண்டிய ஊர், தேதி, தொகை போன்றவற்றுக்கு 'ஸ்லாட்' என்றும் பெயர்கள் நிலைத்தன. நிரல் எழுதுபவர் இன்டென்டுகளைப் பட்டியலிட்டு, ஒவ்வொன்றுக்கும் சில மாதிரி வாக்கியங்கள் எழுதினால் போதும் என்றாயிற்று. வசதிதான். ஆனால் 10,000 அழைப்புகளைக் கேட்ட பிறகு வகை பிரித்த பழைய பொறுமை அதில் போய்விட்டது. அலுவலக மேசையில் உட்கார்ந்து ஒருவர் கற்பனை செய்யும் வாக்கியம் வேறு. மாதக் கடைசியில் பணம் சிக்கிக்கொண்டவர் பதற்றத்தில் பேசும் வாக்கியம் வேறு.

இந்த இடைவெளியில்தான் பெங்களூரு நிறுவனங்கள் முளைத்தன. ஞானி.ஏஐ, பின்னாளில் ஸ்கிட்.ஏஐ என்று பெயர் மாறிய வெர்னாகுலர்.ஏஐ இரண்டும் 2016-இல் தொடங்கின. இந்திய மொழிகளில் வரும் வாடிக்கையாளர் அழைப்புகளே அவற்றின் தொழில். இந்திய மொழிப் பேச்சை எழுத்தாக்கிய லிவ்.ஏஐ நிறுவனத்தை 2018-இல் ஃபிளிப்கார்ட் வாங்கியது. 2020-இல் அதன் மளிகைப் பிரிவில் இந்தியிலும் ஆங்கிலத்திலும் குரல் உதவியாளர் வந்தது. 2018-இல் மைக்ரோசாஃப்ட் தமிழ், தெலுங்கு, குஜராத்தி மூன்றுக்கும் பேச்சுத் தரவை ஆய்வாளர்களுக்குத் திறந்துவிட்டது.

2022-இல் ஸ்கிட்.ஏஐ வெளியிட்ட வங்கித் தொகுப்பு சிறியது என்றாலும் குறிப்பிடத்தக்கது. 11 பேர், இந்திய உச்சரிப்பில் ஆங்கிலம், 14 இன்டென்டுகள். இடையில் எழுத்தாக்காமல் ஒலியிலிருந்து நேரடியாக வகையைக் கண்டுபிடிக்கும் முறைக்காக அது உருவானது. எழுத்தாக்கும் படியில் நேரும் பிழை அடுத்த படிக்கும் பரவும் என்பது பழைய தலைவலி. 'கட்டியும்' என்பதைக் 'கட்' என்று எழுதிவிட்டால், பணம் கட்டியவர் கட்டாதவர் ஆகிவிடுவார். ஒலியையே நேராகப் பார்த்தால் அந்தப் பிழைக்கு இடமில்லை. ஆனால் ஏன் இந்த வகையைத் தேர்ந்தாய் என்று கணினியைக் கேட்டுச் சரிபார்ப்பது கடினமாகிறது.

தமிழுக்கென்று தரவு வந்தபோது வேறொரு கேள்வி எழுந்தது. அமேசான் 2022-இல் வெளியிட்ட 'மாசிவ்' தொகுப்பில் 51 மொழிகள், 60 இன்டென்டுகள். தமிழ், கன்னடம், தெலுங்கு, மலையாளம் நான்கும் அதில் உண்டு. பெரிய உதவி அது, ஐயமில்லை. எனினும் அதன் வாக்கியங்கள் ஆங்கிலத்தில் சேகரித்தவற்றை மொழிபெயர்ப்பாளர்கள் மாற்றியவை. அலாரம் வைப்பதும் பாட்டுப் போடுவதும் எந்த ஊரிலும் பொதுதான். ரேஷன் கார்டில் பெயர் சேர்ப்பது, சிலிண்டர் வராதது, நகைக்கடன் வட்டி போன்ற நம் ஊர்த் தேவைகள் அந்தப் பட்டியலில் கிடையாது.

இந்திய அறிவியல் கழகமும் ஆர்ட்பார்க் அமைப்பும் கூகுள் ஆதரவுடன் 2022-இல் தொடங்கிய 'வாணி' திட்டம் இதற்கு எதிர்த்திசையில் நடக்கிறது. நாட்டின் 773 மாவட்டங்களிலிருந்து 1,50,000 மணி நேரத்துக்கும் மேலான பேச்சைச் சேர்ப்பது அதன் இலக்கு. ஒரு படத்தைக் காட்டி, தோன்றுவதைப் பேசச் சொல்கிறார்கள். இந்த மொழியில் பேசு என்று வரையறுக்காமல், அந்த மாவட்டத்தில் மக்கள் என்ன பேசுகிறார்களோ அதை எடுத்துக்கொள்கிறார்கள். 2011 கணக்கெடுப்பில் கன்னடத்தைத் தாய்மொழியாகச் சொன்னவர்கள் பாதிக்கும் குறைவாக இருந்த பெங்களூரு போன்ற இடத்துக்கு இந்த அணுகுமுறையே பொருந்தும். கழகத்தின் இன்னொரு திட்டமான 'ரெஸ்பின்' வேளாண்மை, நிதி ஆகிய இரு துறைகளில் ஒன்பது மொழிகளை எடுத்துக்கொண்டது. கன்னடமும் தெலுங்கும் அதில் உண்டு, தமிழ் இல்லை.

மொழிக்கலப்பைக் கையாள்வது எப்படி என்பதில் இன்னும் ஒருமித்த கருத்தில்லை. முதலில் மொழியைக் கண்டுபிடித்து, பிறகு அந்த மொழிக்கான கருவிக்கு அனுப்புவது ஒரு வழி. 'கரண்ட் ஹோகிதே சார், ஒரு மணி நேரமா இல்ல' என்று ஒரே மூச்சில் இரண்டு மொழி பேசுபவரிடம் அந்த வழி முதற்படியிலேயே தடுமாறும். எல்லா மொழிகளையும் ஒரே பொதுக் கருவியில் பயிற்றுவிப்பது மற்றொரு வழி. அண்மை ஆண்டுகளில் பெரும்பாலான ஆய்வுகள் அந்தப் பக்கமே சாய்கின்றன.

மிகக் கடினமானது இன்றும் 'மற்றவை'தான். 2019-இல் வெளியான, 150 இன்டென்டுகள் கொண்ட 'கிளிங்க்' என்ற ஆங்கிலத் தொகுப்பு இதைச் சோதிப்பதற்கென்றே உருவானது. பட்டியலில் உள்ளவற்றை நன்றாகப் பிரித்த கருவிகள், பட்டியலிலேயே இல்லாத கோரிக்கையை 'இது எனக்குத் தெரியாது' என்று ஒதுக்கத் தெரியாமல் திணறின. இந்தியாவில் இதற்குப் பெரிய சோதனை 2020 மார்ச் 27 அன்று வந்தது. கொரோனா ஊரடங்கில் கடன் தவணைகளுக்கு மூன்று மாத அவகாசம் தரலாம் என்று ரிசர்வ் வங்கி அன்று அறிவித்தது. அதற்கு முந்தைய நாள்வரை எழுதப்பட்ட இன்டென்ட் பட்டியலில் அப்படியொரு கோரிக்கைக்கு இடம் இருந்திருக்க முடியாது. 'இஎம்ஐ கட்ட வேண்டாமாமே?' என்று கேட்பவரை, 'இஎம்ஐ', 'கட்ட' என்ற இரு சொற்களைப் பிடித்துக்கொண்டு தவணை செலுத்தும் பிரிவுக்கே ஒரு கருவி அனுப்பிவிடும், அதுவும் முழு உறுதியுடன்.

2023 முதல் பரவலான பெருமொழி மாதிரிகளில் புதிய வகையைச் சேர்க்க ஆயிரக்கணக்கான எடுத்துக்காட்டுகள் வேண்டாம். இரண்டு வரியில் விளக்கினாலே போதும். ஆனால் அவை பதில் தர எடுக்கும் நேரமும் செலவும் கூடுதல். தொலைபேசியில் இரண்டு விநாடி மௌனம் விழுந்தாலே மறுமுனையில் இருப்பவர் 'ஹலோ, ஹலோ' என்பார். ஆகவே அன்றாடக் கோரிக்கைகளை ஒரு சிறிய, வேகமான கருவி பிரிக்க, அது தயங்குகிறவற்றைப் பெரிய மாதிரியிடமோ மனித ஊழியரிடமோ தள்ளிவிடும் கலப்பு ஏற்பாட்டைப் பலர் கையாள்கின்றனர். எந்த அளவு தயக்கத்தில் மனிதரிடம் அனுப்புவது என்ற எல்லையைக் கணினி தானாக முடிவு செய்வதில்லை. அதைச் சேவை நடத்தும் நிறுவனமே வைக்கிறது. எல்லையைத் தளர்த்தினால் ஊழியர் செலவு குறையும், தவறான பிரிவுக்குப் போகும் அழைப்புகள் கூடும்.