தமிழகப் புற்றுநோய்ப் பதிவு வரலாறும் நாடுகளுக்கிடையிலான ஒப்பீடும்: மணப்பாறையை முன்வைத்து

புற்றுநோயின் நிகழ்வு வீதத்தையும் இறப்பு வீதத்தையும் நாடுகளுக்கிடையே ஒப்பிடுவதற்கு முன், அவ்வெண்கள் உருவான வரலாற்றை அறிதல் வேண்டும். அவ்வரலாற்றில் மணப்பாறை போன்ற வட்டாரங்களின் இடத்தை இக்கட்டுரை ஆராய்கிறது.

இந்தியாவில் மக்கள்தொகை சார்ந்த முதல் புற்றுநோய்ப் பதிவகம் 1963இல் பம்பாயில் தொடங்கப்பெற்றது. தேசியப் புற்றுநோய்ப் பதிவுத் திட்டத்தின்கீழ்ச் சென்னையில் 1982 முதல் பதிவு நடைபெறலாயிற்று. முத்துலட்சுமி ரெட்டி 1954இல் நிறுவிய அடையாறு புற்றுநோய் நிலையம் இப்பணியை மேற்கொண்டது. பின்னர் 2003இல் திண்டுக்கல் மாவட்டத்திற்கெனத் தனிப் பதிவகம் அம்பிளிக்கையில் அமைந்தது.

இத்தகைய பதிவகங்கள் நோயாளி சிகிச்சை பெற்ற ஊரைக் கருதாமல், அவர் வசிக்கும் ஊரையே அடிப்படையாகக் கொள்கின்றன. ஆகவே திருச்சிராப்பள்ளிக்கும் திண்டுக்கல்லுக்கும் இடையில் அமைந்த மணப்பாறையில் வசிப்பவர், சென்னையிலோ திண்டுக்கல்லிலோ சிகிச்சை பெற்றிருந்தாலும் அப்பதிவகங்களின் வீதக் கணக்கில் இடம்பெறார். மாநிலம் முழுவதையும் உள்ளடக்கிய பதிவுத் திட்டம் 2012இல்தான் செயற்பட்டது. அதுவரை இவ்வட்டாரம் பிற இடங்களின் எண்களைக் கொண்டு ஊகிக்கப்பட்டதேயன்றி நேரே எண்ணப்படவில்லை.

இக்குறை ஒப்பீட்டையும் பாதிக்கிறது. குளோபோகான் 2020 மதிப்பீட்டின்படி, மார்பகப் புற்றுநோயின் வயதுச் சீராக்க நிகழ்வு வீதம் இலட்சம் பெண்களுக்கு இந்தியாவில் 25.8, அமெரிக்காவில் 90.3. இறப்பு வீதமோ முறையே 13.3, 12.4. நிகழ்வில் மூன்று மடங்குக்கு மேல் வேறுபாடிருந்தும் இறப்பு ஏறத்தாழ ஒன்றாகவே உள்ளது. தாமதமாக நோயறிதலும் சிகிச்சை எட்டாமையும் இதற்குரிய முதன்மைக் காரணங்கள். எனினும், அமெரிக்காவில் பரவலான மார்பக ஊடுகதிர்ப் பரிசோதனை நிகழ்வு எண்ணிக்கையைக் கூட்டுகிறது என்பதும், இந்தியாவில் இறப்புக் காரணத்திற்கான மருத்துவச் சான்று முழுமையாக இல்லாமையால் இறப்பு வீதம் பெருமளவு கணித மாதிரிகள்வழிப் பெறப்படுகிறது என்பதும் கருதத்தக்கன.

எண்ணுதலின் பயனுக்குத் திண்டுக்கல்லே சான்று. அங்கு 2000இல் தொடங்கிய கருப்பைவாய்ப் புற்றுநோய் முன்னறி ஆய்வில், அசிட்டிக் அமிலம் தடவிக் கண்ணால் நோக்கும் எளிய பரிசோதனை, அந்நோயால் நேரும் இறப்பை 35 விழுக்காடு குறைத்ததாக 2007இல் அறிவிக்கப்பட்டது. பதிவகம் இருந்தமையாலேயே அப்பயனை அளக்க முடிந்தது.

எனவே தேசிய சராசரிகளை ஒப்பிடும் ஆய்வாளர், எந்த வட்டாரம் எந்த ஆண்டு முதல் பதிவு பெற்றது என்பதையும் உடன் குறித்தல் இன்றியமையாதது. அவ்வாறு குறிக்காவிடில், பதிவின் விரிவு நோயின் பெருக்கமாகவும், பதிவின்மை நோயின்மையாகவும் பிழைபடக் கொள்ளப்படும்.