தனுஷ்கோடி ரயில்

தனுஷ்கோடி என்றால் எல்லோரும் புயலைத்தான் சொல்கிறார்கள். அந்த ரயில் பாதையின் கதை புயலுக்கு ஐம்பது வருஷம் முன்பே ஆரம்பிக்கிறது.

1914-ல் பாம்பன் பாலம் திறந்தது. எழும்பூரில் டிக்கெட் வாங்கியவர் போட் மெயிலில் தனுஷ்கோடி வந்து, கப்பலேறித் தலைமன்னாரில் இறங்கி, மறுபடி ரயிலேறிக் கொழும்பு போய்ச் சேரலாம். எல்லாவற்றுக்கும் ஒரே டிக்கெட்! ராமேசுவரம் அன்று வெறும் கிளைப்பாதைதான். ராமநாதசுவாமியைவிடக் கொழும்புக்கு மரியாதை அதிகம். வியாபாரிகள் போனார்கள், மண்டபம் முகாமில் வைத்தியச் சோதனை முடித்துத் தேயிலைத் தோட்டத் தொழிலாளிகளும் போனார்கள்.

1964 அக்டோபரில் சாஸ்திரியும் சிறிமாவோவும் ஒப்பந்தம் செய்தார்கள். அந்தத் தொழிலாளிகளின் சந்ததியில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பது என்று முடிவாயிற்று. இரண்டே மாதத்தில், டிசம்பர் 22 இரவு, பாசஞ்சர் வண்டியை நூற்றுக்கு மேற்பட்ட பயணிகளோடு கடல் வாரிக்கொண்டு போயிற்று. பாம்பன் பாலத்தை 46 நாளில் செப்பனிட்டார்கள். தனுஷ்கோடிப் பாதையை மட்டும் திரும்பப் போடவில்லை. கப்பல் ராமேசுவரத்துக்கு மாறியது.

இன்று அந்த ஸ்டேஷனில் எஞ்சியிருப்பது இடிந்த சுவர். அதைப் பற்றி நினைக்கும்போதெல்லாம் எனக்குத் தோட்டத்து ஜனங்கள்தான் ஞாபகத்துக்கு வருகிறார்கள். தாத்தாவைக் கொண்டுபோன ரயில், பேரன் திரும்பி வந்தபோது இல்லை.