உசூரி நதித் தீவும் நிகழாப் போரும்

நடந்ததை ஆராய்தலே வரலாற்றின் பணி. நடவாததை ஆராய்தல் கற்பனையின்பாற்படும் என்பர். ஆயின், நடக்கக்கூடியதாயிருந்தும் நடவாதொழிந்தது யாதென அறியாதார் நடந்ததன் பெறுமதியையும் அறியார். அணுவாயுத வல்லரசொன்றின் எல்லையுள் அந்நியப் படை புகின் யாது நிகழும் என்னும் வினாவுக்கு, 1969 ஆம் ஆண்டின் சீன - சோவியத்து எல்லைப் பூசல் தக்கதோர் உரைகல்லாகும்.

உசூரி நதியிலுள்ள சிறு தீவொன்றை உருசியர் தமான்ஸ்கி என்றும் சீனர் சென்பாவோ என்றும் வழங்கி, தத்தமக்கே உரியதென வாதிட்டனர். அவ்வாண்டு மார்ச் 2 ஆந் திகதி சீனப் படையினர் தாக்கியதிற் சோவியத்து எல்லைக் காவலர் 31 பேர் மாண்டனர். 15 ஆந் திகதி மீண்டும் பெருஞ் சமர் மூண்டது. சீனா தன் முதல் அணுக்குண்டை 1964 இலேயே வெடித்திருந்ததாயினும், சோவியத்துப் படைக்கலப் பெருக்கத்தோடு அஃது ஒப்பிடத்தக்கதன்று. எனவே, அணுக்குண்டு பெரும்போரை அஞ்சச் செய்யினும் சிறு தாக்குதலைத் தடுக்கவில்லை என்பது தெளிவு.

சீனப் படை தீவோடு நில்லாது நதியைக் கடந்திருப்பின்? விளாதிவொஸ்தொக்குக்குச் செல்லும் சைபீரியப் புகையிரதப் பாதை அந்நதிக்கு அண்மையிலேயே உள்ளது. அது துண்டிக்கப்பட்டிருப்பின், தூரகிழக்குப் படைகளுக்கு மேற்கிலிருந்து துணை சேர்தல் அரிதாகி, அணுவாயுதத்தை நாடும் எண்ணம் வலுத்திருத்தல் கூடும். இது வெறும் புனைவன்று. அவ்வாண்டு ஓகஸ்ட் மாதத்தில், சீன அணுநிலையங்களைச் சோவியத்து தாக்கின் அமெரிக்கா யாது செய்யும் எனச் சோவியத்துத் தூதரக அலுவலர் ஒருவர் வாசிங்டனில் வினவினார்.

போரைத் தவிர்த்தவை எவை? சீனர் தம் நோக்கத்தைச் சுருக்கிக்கொண்டமை ஒன்று, பேச்சுவார்த்தை மற்றொன்று. மார்ச் 21 இற் பிரதமர் கொசிகின் பீகிங் தலைவர்களோடு தொலைபேசியிற் பேச முயன்றபோது இணைப்பே மறுக்கப்பட்டது. செப்டெம்பர் 2 இல் ஹோ சி மின் மறைந்தார். அவருக்கு அஞ்சலி செலுத்த ஹனோய் சென்று மீண்ட கொசிகின், 11 ஆந் திகதி பீகிங் விமான நிலையத்திற் சௌ என்-லாயைச் சந்தித்தார். ஒக்டோபரில் எல்லைப் பேச்சுகள் தொடங்கின. அம்மறைவு அவ்வேளை நிகழாதிருப்பின் அச்சந்திப்பு எப்போது வாய்த்திருக்கும் எனக் கூறல் அரிது.

1991 ஆம் ஆண்டின் உடன்படிக்கையால் அத்தீவு சீனாவுக்கே உரித்தாயிற்று. இரு நாட்டு மக்களும் அழிந்திருக்கக்கூடிய வழக்கொன்று, ஈற்றில் ஒரு கையொப்பத்தால் தீர்ந்தது. நிகழாப் போரை ஆராய்வதன் பயன் இவ்வுண்மையை உணர்தலேயாம்.